கன்னியர் மடத்தில் பதினொரு நாள்

02.06.2024

அன்புள்ள தக்சாயினி,

சுகமாக இருக்கிறாயா? தொலைபேசியில் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டாய், அதுதான் கடிதம். இவ்வளவு காலமாகியும் என்ன கோபம் என்று நீ சொல்லவேயில்லை.

நான் இன்னும் நம்முடைய மடத்தில்தான் இருக்கிறேன். அறுநூறு வருசத்துக்கு முன் கன்னியாஸ்திரிகள் படுத்த அறைகளில் இப்போது மாணவர் விடுதி, நாற்பது பேர். சுவரில் ஓர் ஆணி அடிக்க இன்றைக்கும் விடமாட்டார்கள்! செப்டெம்பரோடு என் தவணை முடிகிறது. ஆய்வேட்டை முடிக்க இன்னும் ஆறு மாதம் வேண்டும். இந்த நகரத்தில் வேறு அறை கிடைக்காது. விடுதிக் குழுவில் பழைய மாணவர் சார்பில் நீ இருக்கிறாயாம். தவணையை நீட்ட எனக்காக ஒரு கை தூக்குவாயா?

உன் கம்சனா

11.06.2024

கம்சனா,

குழுவில் சேர்ந்ததும் நான் முதலில் கேட்டு வாங்கியது என்னுடைய கோப்பைத்தான். என்னை வெளியேற்றக் காரணமான கடிதம் அதில் இருக்கிறது. கீழே உன் கையெழுத்து.

புருஷன் அடித்த காயத்தோடு என் அக்கா சிவப்பிரியா பீலெஃபெல்ட் நகரத்திலிருந்து என் அறைக்கு வந்தபோது புட்டும் சம்பலும் கொண்டுவந்தவள் நீ. "இஞ்சை நில்லுங்கோ அக்கா, ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்" என்றவளும் நீ. விருந்தாளி மூன்று இரவுக்கு மேல் தங்கக்கூடாது என்பது விதி. பதினோராம் நாள் எங்கள் இருவரையும் பெட்டியோடு வெளியே இறக்கினார்கள். போக இடமில்லாமல் அக்கா அந்த மனுசனிடமே திரும்பிப் போனார். அந்த மாதமே இடது காதில் அடி. இப்போது அந்தக் காது கேட்காது.

தோட்டத்தைப் பார்த்த என் அறையில் இரண்டு வருசம் நன்றாகத் தூங்கினாயா?

தக்சாயினி

15.06.2024

தக்சா,

ஓம், நான்தான். என் பழைய அறை வடக்குப் பக்கம். சுவரெல்லாம் ஈரம், குளிர்காலம் முழுக்க இருமல். உன் அறை எனக்குக் கிடைக்கும் என்று நினைத்தேன். அக்கா திரும்பிப் போவார் என்று நினைக்கவேயில்லை. அவர் காலில் வந்து விழுகிறேன். இந்த ஒருமுறை மட்டும் என்னைக் கைவிடாதே.

கம்சனா

08.07.2024

கம்சனா,

வெள்ளிக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. உன்னோடு பகை உள்ளவர்கள் விலகியிருக்கலாம் என்று குழுத் தலைவி டொறத்தி சொன்னார். நான் விலகவில்லை. உனக்கு மூன்று, எதிராக நான்கு. நாலாவது கை என்னுடையது.

அக்காவிடம் வராதே. இப்போது அந்த மனுசனை விட்டுத் தனி வீட்டில் இருந்து முதியோர் பராமரிப்புப் படிக்கிறார். நடந்ததைச் சொன்னேன். "அந்தப் பிள்ளை இனி எங்கை போகும்?" என்று கேட்டார்.

"தெரியாது."

"உனக்குச் சந்தோசமோ?"

"ஓம் அக்கா, சந்தோசம்தான்."

எழும்பிப் போய்விட்டார். இரண்டு நாளாக என்னோடு கதைக்கவில்லை. மறுபடி வாக்கெடுத்தாலும் அந்தக் கையைத் தூக்குவேன்.

செப்டெம்பர் முப்பது, காலை பத்து மணிக்கு நீ அறையைப் பூட்டி அதன் திறப்பைக் கையளிக்கவேண்டும். வாங்குவதற்கு நானே வருவேன்.

தக்சாயினி