நம் காணியின் மண் அணை

தில்லையடி,
புத்தளம்.
செப்டம்பர் 2012

அன்பு மகன் அஸ்மினுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் ஒரு மாதிரி சுகமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கட்டார் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க ஐந்து நேரமும் துஆ கேட்கிறேன். உன் தங்கச்சி அமானிக்கு வண்ணாத்திவில்லுப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில் போய் வந்து களைத்துப் போகிறாள். என் முழங்கால் பழையபடிதான், உட்கார்ந்து தொழக் கதிரை வேண்டியிருக்கிறது. நீ போனில் வாப்பாவோடு கோபித்துக் கதைத்ததிலிருந்து வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை மகன். நீ மண் வெட்ட ஏற்பாடு செய்த பெக்கோ இயந்திரத்தை ஏன் திருப்பி அனுப்பினார், பதுங்குகுழியை மூடி அத்திவாரம் போட ஏன் இழுத்தடிக்கிறார் என்று கேட்டாய். அவர் போனை என் கையில் தந்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் போனை வைத்துவிட்டேன், உம்மா அழுகிற சத்தத்தைக் கேட்டால் உனக்கு அங்கே வேலை ஓடாது. அதனால்தான் எழுதுகிறேன், பொறுமையாக வாசி.

சிலாவத்துறைப் பக்கம் இருக்கும் நம் காணியை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். சண்டை முடிந்து, கண்ணிவெடி எடுத்து, போகலாம் என்று சொன்ன பிறகு நாங்கள் போய்ப் பார்த்தால் காணியை நீளத்துக்குக் குழியாக வெட்டி வைத்திருக்கிறார்கள். நேராகவும் இல்லை, கொஞ்சத் தூரத்துக்கு ஒரு தரம் கோணிக் கோணிப் போகிறது, ஒரு ஷெல் விழுந்தால் உள்ளே இருக்கிற எல்லோரும் சாகாமல் இருக்க அப்படி வெட்டுவார்களாம். மேலே பனங்குற்றிகளை அடுக்கி மண்மூடை போட்டு மூடியிருக்கிறது. அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் மண் அணை. எவர் வெட்டினார், எவர் பிடித்தார், யாருக்குத் தெரியும், ஒருவர் விட்டுப் போனதில் மற்றவர் வந்து இருந்திருப்பார். யானை இரண்டு சண்டை பிடித்தால் புல்லுக்குத்தான் சேதம் என்பார்கள், நம்முடையது புல்லும் இல்லை, வீடு. வாப்பா அந்தக் குழிக்குள் இறங்கி நின்று பார்த்துவிட்டு, நம் குசினி இருந்த இடம் இதுதான் என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கும் உடம்பில் தென்பு வேண்டும்.

எனக்கு அங்கே வேண்டியிருந்தது வீடு இல்லை மகன். உனக்கு மூத்தவள் நஸ்லா என்று ஒரு ராத்தா இருந்தாள் என்பது உனக்குத் தெரியும். தொண்ணூறில் எங்களை ஊரை விட்டு விரட்டியதற்கு முந்தைய வருசம் காய்ச்சலில் மௌத்தானாள். என் உடுப்பைப் பிடித்துக்கொண்டே திரிகிற வயசு. நம் காணிக்கும் மையவாடிக்கும் நடுவில் ஓலையால் அடைத்த ஒரு வேலிதான், மையவாடிக்குள்ளே அந்த வேலியோரம் வேம்புக்கு இந்தப் பக்கம் அடக்கினோம் என்று வாப்பா வந்து சொன்னார். பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை, அதனால் நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. போனால் அவள் கிடக்கிற இடத்தைத் தூரத்தில் நின்றாவது பார்க்க வேண்டும் என்ற ஒரு ஆசையில்தான் அத்தனை வருசமும் இந்த உப்புக் காற்றில் கிடந்தேன்.

முதல் பயணத்திலேயே வாப்பா அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். வேம்பைத் தறித்து விட்டார்கள், ஆனாலும் சின்னதாய் ஒரு மண்மேடு, தலைப்பக்கம் ஒரு கட்டை, கால்பக்கம் ஒரு கட்டை. நம் ஆட்களுக்கு அதைப் பார்த்தால் வேறு என்ன தோன்றும், அடக்கின இடத்தில் நடுகிற மீசான் கட்டைதானே. போகும்போதெல்லாம் அங்கே சலாம் சொல்லி, யாசீன் ஓதி, தண்ணீரும் தெளித்து வந்தார். நானும் வேலி இருந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று அந்த மேட்டைப் பார்த்துப் பார்த்து அழுதேன். போன மாதம்தான் ஜபாருடைய மகன் நளீர், கண்ணிவெடி எடுக்கிற வேலையில் இருந்தானே அவன், வாப்பா ஓதுவதைப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்திருக்கிறான். சொல்வோமா விடுவோமா என்று நின்றானாம். பிறகு கையைப் பிடித்து, "சாச்சா, கோவிக்காதீங்க, இது கபுறு இல்ல, துவக்கு வெச்சுச் சுடுற இடம். துவக்கு இதுக்கு அங்கால திரும்பக்கூடாதெண்டு ரெண்டு பக்கமும் கட்டை நட்டு வெப்பாங்க" என்றானாம். வாப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. துவக்கு வைக்கிற இடத்துக்கு யாசீன் ஓதிய மனுசன் இந்த இலங்கையிலேயே நான் ஒருத்தன்தான் என்று சொல்லிச் சிரித்தார், அந்தச் சிரிப்பை நீ பார்க்காமல் இருந்தது நல்லது.

அதைவிடப் பெரியது அடுத்ததாகத் தெரிந்தது. மையவாடியின் அந்த மூலை ஏன் இவ்வளவு பள்ளமாய்க் கிடக்கிறது என்று வாப்பா கேட்க, அணைக்கு மண் அங்கேதான் டோசரால் தள்ளி எடுத்திருக்கிறார்கள் என்று நளீர் காட்டினான். அப்படியென்றால் பிள்ளை எங்கே? அந்த அணைக்குள்தான். உன் பெக்கோக்காரன் வந்து இயந்திரத்தை முடுக்கி அந்த மண்ணில் பல்லை வைக்கப் போகும்போதுதான் வாப்பா குறுக்கே போய் நின்றார். இதை அவர் உனக்கு எப்படிப் போனில் சொல்வார்? ஆயத்தமாக வெட்டின குழி சும்மா கிடக்கிறது, கக்கூஸ் குழிக்கு ஆகும் என்று நீ பகிடியாகச் சொன்னதையும் நினைத்து இப்போது வருந்தாதே, நீ அறியாமல் சொன்னது.

பள்ளிவாசலில் போய்க் கேட்டோம். செய்னுலாப்தீன் மௌலவி யோசித்துவிட்டு, மண்ணைக் கிளறித் தேட வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், கையால் இறக்கி அந்தக் குழியையே மூடுங்கள், அதற்கு மேல் ஒன்றும் கட்டாதீர்கள் என்றார். போன வெள்ளிக்கு அடுத்த நாள் ஊருக்குத் திரும்பின ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். பனங்குற்றிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அணையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தாச்சியில் அள்ளிக் கைமாற்றிக் குழிக்குள் கொட்டினார்கள். கண்ணில் ஒன்றும் பட்டுவிடக் கூடாது என்று அல்லாஹ்விடம் கேட்டபடியே இருந்தேன், ஒன்றும் படவில்லை. பெண்கள் தூரத்தில் தறப்பாளுக்குக் கீழே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தோம். எனக்கு என்ன வந்ததோ, எழும்பி முழங்காலை இழுத்துக்கொண்டு குழியடிக்கு நடந்துவிட்டேன். யாரோ, பொம்பிளைகள் இங்கே வரக்கூடாது என்றார்கள். மௌலவி என்னைப் பார்த்தார். "இது மையவாடி இல்லையே, அவங்கட காணி. வரட்டும்" என்றார். ஆண்கள் அடக்கும்போது ஆளுக்கு மூன்று பிடி மண் போடுவார்களே, என் பிள்ளைக்கு நான் போடாத அந்த மூன்று பிடியைப் போட்டேன் மகன். வாப்பா பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு இன்னும் மூன்று பிடி போட்டேன், அது உன்னுடைய பங்கு.

இனிக் கோபத்தை விட்டு வாப்பாவுக்கு ஒரு போன் எடு, அவராக எடுக்க மாட்டார். வீட்டை ரோட்டுப் பக்கமாகத் தள்ளிக் கட்டுவோம், சின்னதாக இருந்தால் போதும். அவசரம் ஒன்றும் இல்லை, நாங்கள் எல்லாவற்றுக்கும் காத்திருந்து பழகினவர்கள். வெயிலில் தண்ணீர் குடி, தொழுகையை விடாதே, அல்லாஹ் உன் ஆயுளையும் தொழிலையும் பறக்கத்தாக்கி வைப்பானாக. சின்னப் பிள்ளைகளுக்கு நம் துஆ தேவையில்லை என்று மௌலவி சொல்வார், இருந்தாலும் ஒரு தரம் அவளுக்காகக் கையேந்து. நீ வாழ்க்கையில் யாரையும் ராத்தா என்று கூப்பிட்டதில்லை, அந்த ஒரு தரம் கூப்பிடு.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி இருக்கும் உம்மா
சுல்பா நூஹு