முந்தானைக்கு வந்த நாய்கள்

1998, ஆடி வெள்ளி, இரவு.

தூக்கம் வரவில்லை. சிரிப்புதான் வருகிறது.

சென்னை அம்மாள் ஒருவர், சட்டம் போட்ட எண்ணெய் வண்ணப் படத்தைப் போன வாரம் என்னிடம் கொடுத்திருந்தார். படத்தில் அவர் வீட்டு ஸ்பானியல் நாய்கள் இரண்டு. கல்யாணமாகி வெளிநாடு போகும் மகளின் பட்டுப்புடவை முந்தானையில் அவை வர வேண்டுமாம். அன்னமும் யாளியும் வரைந்தே கை தேய்ந்த டிசைன்காரன் நான். இந்த ஆர்டரைப் பற்றித் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டாயிற்று.

படத்தை சாமி படங்களோடு மாட்டியதும் இந்த மேதாவிதான். வெள்ளிதோறும் வரிசையாகத் துடைத்துப் பொட்டு வைப்பது என் மனைவி கமலாவின் வழக்கம். இன்று காலை நாய்களின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

"இன்னா கமலா இது?"

"சாமி வரிசையில மாட்டிக்கினு என்னைக் கேளுங்க. பைரவரோட ஆளுங்கன்னு நெனச்சேன்."

துடைத்தால் வண்ணமும் சேர்ந்து வந்துவிடுமோ என்று நான் துணியோடு தவிக்கும்போதே வாசலில் கார். அம்மாள் உள்ளே வந்து படத்தையே பார்த்தார். ஆர்டர் போச்சு, தெருவில் மானமும் போச்சு என்று நின்றேன்.

"பொண்ணுக்கு முன்னாடியே இதுங்களுக்குக் கல்யாணக் களை வந்துடுச்சே," என்று சிரித்தார். "பொட்டோடவே நெய்யுங்க."

அதனால் கட்டம் போட்ட கிராஃப் தாளில் மறுபடி முதலிலிருந்து வரைகிறேன். சந்தனத்துக்கு ஜரிகை, குங்குமத்துக்குச் சிவப்புப் பட்டு. கை நிற்கவே மாட்டேன் என்கிறது.

கமலா படுத்தபடியே கேட்கிறாள்: "அந்தப் பொட்டு டிசைன் போட்டது யாருன்னு தெருவுல சொல்லுவீங்கல்ல?"

விளக்கை அணைக்கப் போகிறேன்.