பதினோரு நிமிடத்தில் பழுது

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மழை வருவது போல இருந்து வரவில்லை. லேபில் இரண்டு மின்விசிறியில் ஒன்றுதான் ஓடுகிறது.

வகுப்புக்கு முன் நான்கு மோட்டார் பேனல்களிலும் பழுது வைத்தேன், பேனலுக்கு ஒன்று. நான் வைப்பேன், மாணவர்கள் மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஓய்வுபெற்ற கிழவனைக் கல்லூரி கூப்பிட்டது இதற்குத்தான். மூன்றாவது பேனலில் உறை சீவாத ஒயரை ஸ்க்ரூவில் இறுக்கினேன். பார்க்கச் சேர்ந்திருக்கும், கரண்ட் போகாது. பீங்கான் ஆலையில் இருந்தபோது இதே பழுது என்னை ஒரு முழு ஷிஃப்ட் அலைக்கழித்தது.

மூன்றாம் ஆண்டு கோமதி பதினோரு நிமிடத்தில் கண்டுபிடித்தாள். மீட்டரைத் தொடவே இல்லை. நேராகப் போய் அந்த ஒயரை இழுத்தாள்.

எனக்கு ஒரு ஷிஃப்ட், அவளுக்குப் பதினோரு நிமிடம். எல்லோர் முன்னும் பாராட்டினேன். வீடு வரும் வழியெல்லாம் அந்தப் பாராட்டு உறுத்தியது.

செப். 10, புதன்

கத்தரி, முருங்கை வாங்கியாயிற்று. பி.பி. மாத்திரை நான்குதான் மிச்சம்.

இன்று கோமதிக்கு ஒன்பது நிமிடம். எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிச் சொல்லக் கூடாது:

1. பழுதுப் பட்டியல் என் சின்ன நோட்டில். நோட்டு பையில். பை மேஜைமேல்.
2. பழுதுகளை வைத்துவிட்டு டீ குடித்துத் திரும்பினால், 8.40க்கே கோமதி லேபில் தனியாக. மேஜையை ஒட்டிய பேனலில் மூக்கு படுகிற மாதிரி குனிந்திருந்தாள். என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள்.
3. நோட்டின் ரப்பர் பட்டை நான் போடுகிற பக்கம் இல்லை. (நானே மாற்றிப் போட்டேனோ?)

முதலில் சந்தேகப்பட்டது லேப் உதவியாளர் ஏழுமலையை. சாவி அவரிடம். இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். ஜாடையாகக் கேட்டேன். "அந்தப் பொண்ணு பெண்ணாடம் பஸ்ஸுல சீக்கிரமே வந்துரும் சார். கதவ தொறந்து வுடுங்கண்ணான்னு கேக்கும், வுட்டுருவேன்" என்றார்.

சனிக்கிழமை புதுச்சேரிப் பக்கத்துப் பேனல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். நம் கல்லூரியிலிருந்து ஆறு பேர். நான் போடும் மதிப்பெண்ணை வைத்துத்தான் பட்டியல். முதல் பெயர் அவள்.

துறைத் தலைவரிடம் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். 'திருடி' என்று எழுதி, அடித்து, 'அனுமதியின்றிப் பார்த்து' என்று எழுதி, அதையும் அடித்து மறுபடி பழையதையே எழுதினேன். மாலைக்குள் அவள் பெயர் நீக்கம்.

செப். 12, வெள்ளி

இரண்டு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. எனக்கே உறுதி வேண்டும் என்று ஒரு சோதனை. இம்முறை பழுதை ஏழுமலை வைத்தார். எங்கே என்று எனக்கும் தெரியாது. பட்டியலே கிடையாது.

கோமதியை மட்டும் வரச் சொன்னேன். வந்தாள், முகம் கொடுக்கவில்லை. பேனலை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு மீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையாக வைத்துக்கொண்டே போனாள். ஐம்பது நிமிடம். கண்டுபிடித்தாள்.

பிடித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. ஒரு திருப்திகூட. எழுதவே கூசுகிறது. நோட்டு கிடைக்காததால்தானே இவ்வளவு நேரம் என்று கேட்டேன்.

"நோட்டு எதுக்கு சார்? நீங்க கை வெச்ச ஸ்க்ரூவுல மட்டும் தலையில இருக்கிற வெட்டு செங்குத்தா நிக்கும். மத்ததெல்லாம் கோணலா இருக்கும். காலையில வந்து அதத்தான் பாத்து வெச்சிக்குவேன். இன்னிக்கு ஒண்ணுகூட நேரா இல்ல. அதான் மீட்டர எடுத்தேன்."

மற்ற மூன்று பேனல்களையும் திறந்து பார்த்தேன். புதன்கிழமை நான் வைத்த பழுதுகள் யாரும் சரிசெய்யாமல் அப்படியே. மூன்றிலும் நான் தொட்ட ஸ்க்ரூக்கள் மட்டும் வரிசையில் நிற்கும் பள்ளிப் பிள்ளைகள் போல. நாற்பது வருடப் பழக்கம். கை செய்வது எனக்கே தெரிந்திருக்கவில்லை. அவள் பார்த்திருக்கிறாள்.

அது குறுக்கு வழியா? இருக்கலாம். திருட்டு இல்லை. இன்றைய ஐம்பது நிமிடத்தில் குறுக்கு வழியும் இல்லை.

துறைத் தலைவரிடம் போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பி நடந்து, பிறகு உள்ளே. பட்டியல் போய்விட்டது, கம்பெனிக்கு நீங்களே பேசுங்கள் என்றார். சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசினேன். என் தவறு என்பதை முதல் வரியாக. நாளைக்கு அவளும் வரட்டும் என்றார்கள்.

அதற்குள் அவள் பஸ் ஏறிவிட்டாள். ஆறு மணிக்குப் பதிவேட்டில் இருந்த வீட்டு நம்பருக்குப் போட்டேன். அம்மா எடுத்தார். யார் என்று சொன்னேன்.

"எம் பொண்ணு திருடுனான்னு எழுதிக் குடுத்த வாத்தியாரு நீங்கதானா?"

தாளை ஓரமாக வைத்தேன். ஆமாம்மா, நான்தான், அவள் திருடவில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

"இத எங்கிட்ட ஏன் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

போன் கை மாறியது. மறுபடி முதலிலிருந்து, நாளைக்குக் கம்பெனி வரச் சொன்னது வரை சொன்னேன். தாளைப் பார்க்கவில்லை. குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்டாள்.

"எத்தினி மணிக்கு சார் வரணும்?"