உருகவிட்டுக் குடித்த ஐஸ்கிரீம்

அக்கா,

இன்று மதிய ஷிப்டுக்குப் போகும்போது கம்பெனி பஸ் ராயக்கோட்டை ரோடு சிக்னலில் நின்றது. ஜன்னல் வழியாக கோன் சுடுகிற வாசனை வந்தது. மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் கருகுவதற்குச் சற்று முன்னால் வருமே, அந்த வாசனை. எட்டிப் பார்த்தால், செல்போன் கடை இருந்த இடத்தில் ஒரு ஐஸ்கிரீம் கடை திறந்திருக்கிறார்கள். வாசலில் பலூன் கட்டியிருந்தது. "அக்கா, புதுக் கடை!" என்று பக்கத்து சீட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டேன். ஒடிசாவிலிருந்து வந்து சேர்ந்திருக்கும் ஒரு பெண் அங்கே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் போய் மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் இப்படித்தான் திரும்பிவிடுகிறேன். உங்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அக்கா. அதை எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

வயரிங் லைனில் உங்களுக்குப் பக்கத்து மேஜைதான் எனக்குக் கிடைத்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட நிலைக்காமல், சொந்த ஊரான கல்லாவிக்குத் திரும்பிப் போய் எல்லார் முகத்திலும் விழிக்கவும் மனசில்லாமல், ஓசூரில் லேடீஸ் ஹாஸ்டலில் ஒரு கட்டில் பிடித்திருந்த நேரம் அது. யாராவது எதையாவது கேட்டால் "நல்லா இருக்குது", "பரவால்ல", "சரி". இந்த மூன்றை வைத்தே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரர் இன்னொரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவர். ஒரே மகள், பள்ளிக்கூடம் போகிறவள். என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர். ஆனால் வந்த அன்றே என்னை "ஏட்டி" என்று கூப்பிட்டீர்கள். எங்கள் பக்கத்தில் அப்படிக் கூப்பிட்டால் சண்டைதான் வரும். உங்கள் வாயிலிருந்து வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை.

ஒரு நாள் ஷிப்டு முடிந்து பஸ் ஸ்டாண்டு எதிரில் இறங்கினோம். கண்ணாடிக் கதவு போட்ட பர்கர் கடையில் புது ஐஸ்கிரீம் வந்திருப்பதாகப் பெரிய படம் ஒட்டியிருந்தார்கள்.

"ஏட்டி, உள்ள போவமா?"

"வேணாங்கா. உள்ள எல்லாரும் பேன்ட் போட்டுக்கினு இருக்காங்க."

"நாமளும் யூனிஃபார்ம் பேன்ட்டுதானட்டி போட்டிருக்கோம்!"

கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். உள்ளே கேட்டுக் கொடுக்க ஆள் இல்லை. ஆளுயரத்துக்கு ஒரு திரைதான் நின்றது. தொட்டால் எந்த சைஸ் என்றது. அப்புறம் எந்த சாஸ், மேலே என்ன தூவ வேண்டும், கூட வேறு என்ன வேண்டும். நீங்கள் வந்த கேள்விக்கெல்லாம் விரலை வைத்தீர்கள். "ஒரு ஐஸ்கிரீம் திங்கதுக்கு எத்தன கேள்வி! என்னயப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இம்புட்டுக் கேக்கலட்டி" என்று நீங்கள் சொன்னதும் பின்னால் வரிசையில் நின்ற கல்லூரிப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கடைசியில் நமக்கு வந்தது ஒரு கப்பில் கோபுரம் மாதிரி ஏதோ ஒன்று. எந்தப் படத்திலும் அப்படி ஒன்று இல்லை.

"நீ மொதல்ல தின்னு. தின்னுட்டுச் சொல்லு."

ஒரு வாய் வைத்தேன். "நல்லா இருக்குதுக்கா."

"நல்லா இருக்குன்னா? மாமியா வீட்டுல எப்படி இருக்கன்னு கேட்டாலும் இதத்தான் சொல்லுவ போல. எப்படி இருக்குன்னு சொல்லுட்டி."

அப்போது என் கதை எதுவும் உங்களுக்குத் தெரியாது. விளையாட்டாகத்தான் சொன்னீர்கள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. இன்னொரு வாய் வைத்து யோசித்தேன். "மொதல்ல வெறும் இனிப்பு. அப்புறம், பால் சுண்டின சட்டி அடியில சுரண்டித் திம்போமே, அது மாதிரி கொஞ்சமா ஒரு தீஞ்ச வாசன வருது. முடியறப்ப உப்பு."

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர்கள். "இப்பச் சொன்ன பாரு, இதுதான் சொல்றது" என்றீர்கள்.

அதற்கப்புறம் அது பழக்கமாகிவிட்டது. எந்தக் கடையில் புதிதாக எது வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நாம் அங்கே இருப்போம். கொய்யாப்பழ ஐஸ்கிரீமில் மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தார்கள். கரி கலந்த கறுப்பு கோனைத் தின்று பல்லெல்லாம் கறுப்பாகி வெளியே வந்தபோது நம் லைன் சூப்பர்வைசர் குடும்பத்தோடு எதிரே வந்தார். இருவரும் வாயைத் திறக்காமலே வணக்கம் வைத்தோம். சீஸ் ஐஸ்கிரீம் என்று ஒன்று வந்தது. நான் "இட்லி மாவு பொங்கி வழிஞ்ச குண்டான் வாசம்" என்றேன். நீங்கள் உடனே, "அப்ப நாளைக்குக் காலையில ஊத்தி எடுத்துருவோம்" என்றீர்கள். வாயில் போட்டால் பட்பட்டென்று வெடிக்கும் மிட்டாய் கலந்த ஐஸ்கிரீம்தான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அதை மட்டும் நான் சொல்லும்வரை காத்திருக்காமல் தின்றீர்கள்.

மற்றதையெல்லாம் நீங்கள் உருகவிட்டுத்தான் குடிப்பீர்கள். கோனாக வாங்கினாலும் கப்பில் கவிழ்த்து வைத்துவிட்டு, நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். தண்ணீராகிப் போனதும் டீ குடிக்கிற மாதிரி மடக் மடக்கென்று குடிப்பீர்கள். ஒவ்வொருவருக்கு ஒவ்வொரு பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருமுறை பழம் போட்ட ஐஸ்கிரீம் ஒன்று கெட்டுப்போயிருந்தது. நான் ஸ்பூனை வாயில் வைத்ததுமே துப்பிவிட்டேன். அன்று பார்த்து, வரும்போதே பாதி உருகி வந்ததால் எனக்கு முன்னாலேயே நீங்கள் பாதி குடித்திருந்தீர்கள்.

"அக்கா, புளிச்ச நாத்தம் அடிக்குது! எப்படிக் குடிச்சீங்க?"

நீங்கள் கப்பைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "பாவம், அந்தக் கன்னடத்துப் பிள்ள புதுசா வேலைக்குச் சேந்துருக்கு. சத்தம் போடாத" என்று கப்பை மூடி வைத்துவிட்டீர்கள். எவ்வளவு நல்ல மனசு என்று அன்றிரவு ஹாஸ்டலில் எல்லாரிடமும் சொன்னேன்.

அப்புறம் நீங்கள் போன அந்த வாரம். அடுப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஷிப்டில் இருந்த எனக்குச் செய்தி வந்தபோது உங்களை ஊருக்கு ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பியிருந்தது. கடைசியாக உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உங்கள் வீட்டுக்கார அண்ணனும் மகளும் திரும்பி வந்த பிறகுதான் உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் கைலியோடு அடுப்படியில் நின்று குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். மகள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், "சமையல் பழகிட்டீங்களாண்ணா?" என்றேன்.

"பழக என்னம்மா இருக்கு? மூணு வருசமா உப்பு, புளி பாக்கது நாந்தான. அந்தக் கொரோனாக் காய்ச்சல்ல கெடந்தப்பவே அவளுக்கு மணமும் ருசியும் போயிட்டுல்லா. திரும்பி வரவே இல்ல."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "யாருக்குண்ணா?"

"அவளுக்குத்தான். ஒங்கிட்ட சொல்லலையா?"

"நாங்க வாராவாரம் ஐஸ்கிரீம் சாப்பிடப் போவோமேண்ணா. புதுசு புதுசா."

அண்ணன் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினார். "ஐஸ்கிரீமா? அவளா? பல்லு கூச்சம்னு மண்பானைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டாளேம்மா." கைலியில் கையைத் துடைத்தார். "ஞாயித்துக்கெழம ஓவர்டைம்னுல்லா சொல்லிட்டுப் போவா."

அந்த நிமிஷத்தில் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. அவருடைய முகம் எப்படிப் போயிற்று என்று நான் எழுத மாட்டேன், அக்கா. ஒரு ஐஸ்கிரீம் கடைக்குப் போவதற்காக ஏன் அவரிடம் பொய் சொன்னீர்கள்? சொல்லியிருந்தால் வேண்டாம் என்கிற மனுஷரா அவர்? குழம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. உங்கள் மகள்தான் எழுந்து அடுப்பை அணைத்தாள்.

"எனக்குத் தெரியும்ப்பா" என்றாள். "அம்மா வந்து எங்கிட்ட சொல்லுவா. இன்னைக்கு இது தின்னோம், பால் சட்டி சுரண்டின மாதிரி இருந்துச்சுன்னு. எனக்கு வாங்கிட்டு வரமாட்டா, சொல்ல மட்டும் செய்வா. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லிருந்தா."

"ஏன் சொல்லக்கூடாதாம்?" என்று கேட்டார் அண்ணன்.

"தெரியல."

அன்றிலிருந்து நான் குழம்பிப்போய்க் கிடக்கிறேன். ஒரு நாள் இப்படித் தோன்றும்: உங்களுக்கு நாக்கு செத்துப்போனதால், என் வாயால் சொல்லக் கேட்டு ருசி பார்த்தீர்கள். அதனால்தான் வெறும் "நல்லா இருக்குது" உங்களுக்குப் போதவில்லை. வெடிக்கிற மிட்டாயும் மிளகாய்த்தூளும் மட்டும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அப்படியானால் ஏன் ஐஸ்கிரீம்? பல் கூசுகிறவர் சூடாக பஜ்ஜி வாங்கித் தந்து கேட்டிருக்கலாமே?

இன்னொரு நாள் வேறு மாதிரித் தோன்றும்: எல்லாம் எனக்காகத்தான். வாய் செத்துக் கிடந்தது நான்தான். எதையாவது பேசவைக்க வேண்டும் என்றுதான் உங்களுக்கு ஒன்றுமே தெரியாத கப்புக்கு முன்னால் வாராவாரம் உட்கார்ந்திருந்தீர்கள். இப்படி நினைத்தால் அழுகை வருகிறது. அடுத்த நிமிஷம் நம்பிக்கை போய்விடுகிறது. நீங்கள் அப்படியொரு தெய்வப் பிறவி இல்லை, அக்கா. பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காக என் காலை மிதித்துக்கொண்டு ஏறியவர். கேன்டீனில் வடை தீர்ந்துவிட்டதாக என்னிடம் சொல்லிவிட்டு இரண்டைத் தின்றவர்.

அப்புறம், வடையிலும்தான் உங்களுக்கு ருசி தெரிந்திருக்காதே என்ற நினைப்பு வரும். எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

சில வாரம் கழித்து அண்ணன் போன் செய்தார். எந்தக் கடை என்று கேட்டார். தானும் மகளும் வரலாமா என்றார். அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தார், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி. திரைக்கு முன்னால் நின்று விழித்தார். மகள்தான் தொட்டுத் தொட்டு ஆர்டர் கொடுத்தாள். அன்று புதிதாக வந்திருந்தது கருப்பட்டி ஐஸ்கிரீம். உங்கள் ஊர்ச் சரக்கு. வந்ததும் அண்ணன் மோந்து பார்த்தார். ஒரு வாய் வைத்தார்.

"இது கருப்பட்டியே இல்ல. சீனியக் கருக்கி ஊத்திருக்கான்."

"அப்பா, மெதுவா."

"அவ எங்ஙன உக்காருவா?"

காட்டினேன். கண்ணாடி ஓரம், ரோட்டைப் பார்த்த நாற்காலி. அவர் போய் அதில் உட்கார்ந்தார். வெளியே பெங்களூர் பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கப்பில் இருந்தது உருகிக்கொண்டிருந்தது.

"வீட்டுல பேச்சு பூராவும் சீக்கப் பத்திதான்" என்றார் திடீரென்று. "நானும் விடலம்மா. தெனமும் எதையாவது மூக்குக்கிட்டக் கொண்டுபோயி, இப்பத் தெரியுதா, இது தெரியுதான்னு கேட்டுக்கிட்டே கெடப்பேன். காப்பித்தூளு, பூண்டு, மல்லியப்பூ. ஒரு நாளு கையெடுத்துக் கும்பிட்டா, கேக்காதீயன்னு." கப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இங்ஙன வந்தா யாரும் அவளக் கேக்க மாட்டாங்க. அவ கேப்பா. அதான் போல."

அப்படியும் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்பதுதான் உங்களுக்கு வேண்டியிருந்ததோ என்னவோ. அப்படியானால் இப்போது எனக்குத் தெரிந்துபோனதில் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா? இதையும் யாரிடம் கேட்பது?

"எனக்கு ஒண்ணும் வெளங்கலம்மா" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் உருகியதைக் குடித்தார். நானும் அதையேதான் சொன்னேன். மகள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் கப்பை வழித்துத் தின்றாள். "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். "கரும்பு ஆலைப் பக்கம் பஸ்ஸுல போற மாதிரி இருக்கு." நீங்கள் கேட்டிருந்தால் கண்ணை மூடியிருப்பீர்கள்.

உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று யோசித்தால், ஒன்றுதான் நிச்சயமாகத் தெரிகிறது. என்னால் இப்போது "நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டு விழுங்க முடியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கல்லாவியிலிருந்து போன் பண்ணி, வழக்கம்போல "எப்படிடி இருக்கற?" என்று கேட்டாள். வழக்கமான பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம் சொல்லத் தொடங்கினேன். கல்யாணமாகிப் போன அந்த வீட்டில் என்ன நடந்தது, அங்கே எனக்கு எதையெல்லாம் பார்த்துப் பயம், ஹாஸ்டல் கட்டிலில் முதல் மாதம் எப்படிப் படுத்திருந்தேன், இப்போது காலையில் எழுந்தால் எப்படி இருக்கிறது. ஒன்றுவிடாமல் சொன்னேன். நடுவில் அம்மா "ம்" கூடக் கொட்டவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். கட்டாகவில்லை.

அப்போதுதான் அம்மாவின் குரல் வந்தது.

"இன்னும் சொல்லுடி" என்றாள்.