கொம்பு மாறிய பிறை

அண்ணா,

இன்று காலை ஊசி போட வந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் கையில் தேய்த்தாள். அந்த வாசத்தோடு நீ வந்துவிட்டாய். கண்ணாடி வில்லைகளைத் துடைத்துவிட்டு ஞாயிறுதோறும் நீ வீட்டுக்கு வரும்போது உன் விரல்களில் இதே வாசம்தான் இருக்கும். "வலிக்குதுங்களாம்மா?" என்று கேட்டாள். வேறெங்கோ வலிக்கிறது என்றால் அதற்கும் ஓர் ஊசி எடுப்பாள் என்று, இல்லையெனத் தலையாட்டினேன். அவள் போனதிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்து ஓய்ந்து, இதை எழுத உட்கார்ந்தேன்.

அவிநாசி ரோட்டில் மில் முதலாளியின் பங்களாவுக்குப் பின்னால், உருண்டைக் கூரைக்குள் நீ பார்த்துக்கொண்ட அந்தத் தொலைநோக்கியை நீ ஒருநாளும் தொலைநோக்கி என்று சொன்னதில்லை. "பெரியவர்" என்பாய். சீமையில் ஒரு வானாய்வுக் கூடத்தில் இரண்டு தலைமுறைக்கு உழைத்துவிட்டு, விலைக்கு வந்து, கப்பலேறி இங்கே சேர்ந்தவர். இரண்டு மாட்டு வண்டிகளை வரிசையாக நிறுத்திய நீளம். மேல் நுனியில் சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான கண்ணாடி வில்லை. "ஒண்ணையொண்ணு சுத்தற ஜோடி நட்சத்திரம் எத்தனையோ இருக்குது அம்மணி. அதுக நகர்றதை வருசக்கணக்கா அளந்தது இந்த மாதிரிக் குழாய்கதான். அதை வெச்சுத்தான் நட்சத்திரத்தோட எடையையே கண்டுபுடிச்சாங்க" என்று சொல்லும்போது, நீயே போய்த் தராசில் நிறுத்துவிட்டு வந்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்துவாய்.

அப்படிப்பட்டதை ஏன் விற்றார்கள் என்று கேட்டேன். வில்லையை விளிம்பில் மட்டும்தான் தாங்கிப் பிடிக்க முடியும், இன்னும் பெரிதாகச் செய்தால் தன் கனத்திலேயே வளைந்துபோகும் என்றாய். வில்லைக்குப் பதில் குழிக்கண்ணாடி வைத்தால் அதன் முதுகிலேயே முட்டுக் கொடுக்கலாம், அதனால் பெரிய வேலையெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது என்றாய். "அப்ப உன்ற பெரியவரு வேலை போனவரா?" என்றேன். நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய்.

அப்பாவுக்கு உன் உத்தியோகமே பிடிக்கவில்லை. பைக்காரா அருவியிலிருந்து கரண்டு வந்து, ஊருக்கு ஊர் மில் எழும்பிக்கொண்டிருந்த காலம். உன்னோடு படித்தவர்கள் மில்லில் மேஸ்திரிகளை அதட்டிக்கொண்டிருக்க, "காலேசு படிச்சுப்போட்டுக் குழாய் தொடைக்கறான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். உன்னைக் கண்ணு என்று கூப்பிடுவதையும் நிறுத்தியிருந்தார்.

அந்த வருஷம் ஆடியில், வேலைக்காரர்களின் குடும்பத்தார் வந்து பிறை பார்க்கலாம் என்று முதலாளி சொன்னார். அப்பாவை நீ கெஞ்சிக் கூட்டி வந்தாய், நானும் கூட வந்தேன். மூன்றாம் பிறை என்பதால் அவரும் வந்தார். கிணறு வற்றிய நம் மேட்டுக்காட்டுக்கு வானம் பார்த்துத்தானே விதைப்பு? ஆடிப் பிறையில் வடக்குக் கொம்பு தூக்கியிருந்தால் மழை, தெற்குக் கொம்பு தூக்கியிருந்தால் பஞ்சம் என்பது அவருக்கு வேதம். பொழுது விழுந்த வேளையில் மேகம் கொஞ்சம் விலகியது. அப்பா குனிந்து, நெடுநேரம் பார்த்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே வந்து நிமிர்ந்தபோது பிறையை மேகம் மூடிவிட்டிருந்தது. "நல்லாத் தெரியுது கண்ணு" என்று உன் தோளைத் தொட்டார். உன் முகம் எப்படி மலர்ந்தது!

வீட்டுக்கு வரும் வழியில் என்னிடம் சொன்னார்: "தெக்குக் கொம்பு தூக்கியிருக்குது. இந்த வருசம் வெதைக்க வேண்டாம். மாட்டைச் சந்தைக்குப் புடிச்சரலாம்."

மறுநாளே உனக்குச் சொல்லியனுப்பினேன். நீ சைக்கிளில் பறந்து வந்தாய்.

"இத்தனை பெரிய கண்ணாடி பொய் சொல்லுமா கண்ணு?" என்று அப்பா கேட்டார்.

"பொய் இல்லீங்கப்பா. குனிஞ்சு பாக்கச் சவுரியமாக் குழாய்க் கடைசியில சாய்வா ஒரு முக்குக் கண்ணாடி மாட்டியிருக்கறோம். அது வலத்தை இடமா, வடக்கைத் தெக்கா மாத்திப்போடும். மொகம் பாக்கற கண்ணாடி மாதிரிங்க."

சுவரில் இருந்த கண்ணாடியைக் கழற்றி அவர் முன்னால் பிடித்தாய். அப்பா வலக்கையைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"அப்ப தூக்கியிருந்தது வடக்குக் கொம்பா?"

"வடக்குத்தானுங்க."

"அப்ப மழை வருமா?"

நீ என்னைப் பார்த்தாய். கொம்புக்கும் மழைக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எனக்கு நூறு தடவை சொன்னவன் நீ. அதை அப்போது சொன்னால் அப்பா கோபித்துக்கொண்டு எழுந்து போவார், மாடு சந்தைக்குப் போகும், ஆடிப்பட்டமும் தப்பும். உனக்கு மறுபடி கிடைத்த அந்தக் கண்ணு என்ற வார்த்தையும் போகும். "வெதைங்கப்பா" என்றாய்.

அதற்குப் பிறகு நீ பட்ட பாட்டை நான் மட்டும்தான் பார்த்தேன். இரண்டு தூறல் விழுந்து சோளம் முளைத்தது. அதோடு சரி. ஞாயிறுதோறும் வந்து காட்டில் நின்று மேற்கே பார்ப்பாய். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்றுதான் வரும். சோறு போட்டால் இரண்டு வாயில் எழுந்துவிடுவாய். எந்நேரமும் வானத்தைப் பார்க்கிற வேலையில் இருந்தவன், வானத்தைக் கண்டு பயந்தாய். பயிர் முழங்கால் உயரத்தில் காய்ந்தது. விதையும் போய், தீவனமில்லாமல் எலும்பெடுத்த மாடுகளும் சந்தைக்குப் போயின.

டீக்கடையில் யாரோ அப்பாவைச் சீண்டினார்களாம்: "ஏனுங்க, உங்க பையன் குழாயில மழை வரலீங்களா?" அப்பா டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னாராம்: "எம் பையன் காட்டுன பிறை சரியாத்தான் இருந்துச்சு. மழைதான் தப்பிப்போச்சு."

வெளியே சைக்கிளோடு நின்று நீ அதைக் கேட்டிருக்கிறாய். வீட்டுக்கு வந்து, மாடில்லாத கட்டுத்தரையில் உட்கார்ந்து அழுதாய். "தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அம்மணி. பெரியவரு வழியா வானத்தைப் பாத்த படிச்சவங்க எல்லாரும் அதைத்தான் மொதல்ல சொல்லிப் பழகியிருப்பாங்க" என்றாய்.

அப்புறம் யார் பிறை பார்க்க வந்தாலும் அந்த முக்குக் கண்ணாடியைக் கழற்றிவிடுவாய். எல்லாம் தலைகீழாகத் தெரிகிறது, முதுகு வேறு ஒடிகிறது என்று முதலாளியே குறைப்பட்டுக்கொண்டார். தலைகீழென்றால் பார்க்கிறவருக்கே தெரியும், ஏமாற மாட்டார் என்று சொல்லி நீ மாட்ட மறுத்துவிட்டாய்.

என்னிடம் யாராவது நம்பி ஒன்று கேட்டால், பிள்ளைக்கு இந்த இடம் முடிக்கலாமா, காட்டை விற்கலாமா என்று கேட்டால், இன்றும் நான் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். கிழவிக்கு அழுத்தம் என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

ஆனால் அப்பாமேல் எனக்குக் கோபம் இருக்கிறது, அண்ணா. சாகும்வரை உன்னைக் கண்ணு என்றுதான் கூப்பிட்டார். கூப்பிடும்போதெல்லாம் நீ தலையைக் குனிந்துகொள்வாய். அவர் உன்னை ஒரே ஒரு தடவை திட்டியிருக்கலாம்.