வாசலில் வரைந்த சொம்பு

என் அடங்காப்பிடாரி அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. கோபம்தான், வேறென்ன? அந்தக் கோபத்தை இன்னும் கிளப்பிவிட்டது உன் பதினான்காவது லெவல்.

நம் கேம் நாளைக்கு வெளிவருகிறது. நீ புரோகிராம் எழுத, நான் படம் வரைய, ஜமுனாமரத்தூர் வீட்டில் ஒரே லேப்டாப்புக்கு இரண்டு வருஷம் அடித்துக்கொண்டோமே, அதேதான். அதில் வரும் சின்னி என்ற சிறுமி வீட்டு வாசலிலிருந்து கிளம்பி, கல் கல்லாகத் தாண்டிப் போய், ஆட்டுக்குட்டியையோ புளிக்கூடையையோ எடுத்துக்கொண்டு வீடு திரும்ப வேண்டும். மிதித்த கல், காலை எடுத்ததும் பள்ளத்தில் விழுந்துவிடும். அதனால் போகும்போதே திரும்பி வரும் வழியை மிச்சம் வைக்க வேண்டும். மொத்த விளையாட்டுக்கும் இந்த ஒரு சூட்சுமம்தான். 'போறேன்' என்று சொல்லாதே, 'போய்ட்டு வர்றேன்' என்று சொல் என அம்மா நம்மைத் திட்டித் திட்டி வளர்த்ததில் உனக்கு வந்த யோசனை.

எல்லா லெவலிலும் வாசலில் ஒரு சொம்பு வேண்டும் என்று அடம் பிடித்தவளும் நீதான். வரைந்து காட்டினால், "இன்னாடி இது, சொம்பா பூசணிக்காயா?" என்று சிரித்தாய். எதற்குச் சொம்பு என்று கேட்டேன். "சும்மா, அழகுக்கு" என்றாய்.

எல்லாம் சரி. கடைசி லெவலை மட்டும் ஏன் அப்படிச் செய்தாய்?

போன வாரம், கேமை வெளியிடும் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினார். "மேடம், பதினாலாவது லெவலை எங்க ஆளுங்க யாராலயும் முடிக்க முடியல. ஏழு கல்லு, ஒரே வரிசை. போனா திரும்பி வர வழியே இல்ல. வெள்ளிக்கிழமைக்குள்ள நீங்க முடிச்சுக் காட்டுங்க. இல்லன்னா அதை எடுத்துடறோம்."

சரி என்றேன். உட்கார்ந்து ஆடினேன். எத்தனை முறை என்று கேட்காதே. ஒவ்வொரு முறையும் சின்னி அக்கரையில் ஆட்டுக்குட்டியோடு நின்றாள். நடுவில் ஒரு கல்லும் இல்லை.

லெவல் போய்விடுமே என்பதல்ல என் பயம். இருதய ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் நீ செய்த லெவல் அது. அதற்கு நீ வைத்த பெயர் 'போறேன்'. கிளம்பிய காலையில், போளூர் பஸ்ஸின் ஜன்னலில் முகத்தை வைத்து, அம்மாவை வம்புக்கு இழுப்பதுபோல் நீ சொன்னதும் அதே 'போறேன்'தான். "அப்டி சொல்லாதடி!" என்று அம்மா கத்தினாள். நீ சிரித்தாய், பஸ் நகர்ந்துவிட்டது. நீ ஆபரேஷன் மேசையிலிருந்து எழவே இல்லை. "அன்னிக்கே பஸ்ஸ நிறுத்தி எறக்கி வுட்டிருக்கணும்" என்று அம்மா இத்தனை மாதமும் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

உனக்கு முன்பே தெரியுமா அக்கா? வரப்போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டு, எங்களிடம் சொல்லாமல் ஏழு கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனாயா? இது அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்குவாளா? அவள் பக்கத்தில் வந்தாலே லேப்டாப்பை மூடினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் வரை அதே கதை. சின்னி அக்கரையில், நான் இக்கரையில். எரிச்சல் தலைக்கேறியது. லேப்டாப்பை அறைந்து மூடிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

"எங்கடி இந்த வெயில்ல?" என்றாள் அம்மா.

"எங்கயோ. நான் போறேன்."

வாய் தவறி வந்துவிட்டது. படியிறங்கி ஓரடி வைத்திருப்பேன். அம்மா முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "இன்னாடி சொன்ன? நீயுமா? திரும்பு. வூட்டுக்குள்ள வா. வந்து உக்காரு. ஒரு வாய் தண்ணி குட்ச்சிட்டு, அப்பறம் எங்கனா போ."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவள் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். கிளம்பும்போது கால் இடறினாலும் கெட்ட சொல் வந்தாலும் நம் வீட்டில் அதுதானே வழக்கம்? உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டால் முதலில் கிளம்பியது கணக்கில்லை, புதிதாகக் கிளம்பலாம். இரண்டு வாய் குடித்த பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். சொம்பு! எல்லா லெவலிலும் வாசலில் நீ வரையச் சொன்ன அதே சொம்பு.

அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து லேப்டாப்பைத் திறந்தேன். தப்பாகிவிட்டால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? சின்னி முதல் கல்லில் கால் வைத்தாள். திருப்பினேன். கல் விழுந்தது, அவள் வெறுங்கையோடு வாசலுக்கு வந்தாள். ஓரடி வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று இதுவரை யாருக்குத் தோன்றியது? சொம்பருகே கீழ்நோக்கும் பட்டனை அழுத்தினேன்.

சின்னி உட்கார்ந்தாள். என் பூசணிக்காயை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

விழுந்த கல் மேலே வந்தது. திரையின் தலைப்பில் இருந்த 'போறேன்' அழிந்து, 'போய்ட்டு வர்றேன்' என்று வந்தது. அவள் ஏழு கல்லையும் தாண்டினாள், ஒன்றும் விழவில்லை. குட்டியோடு திரும்பிக் கடைசிக் கல்லையும் தாண்டி வாசலுக்கு வந்தாள்.

அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "அப்ப, வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போனாளா?"

"ஆமாம்மா."

"சொல்லிட்டு ஏண்டி வரல?"

அதை நீதான் சொல்ல வேண்டும் அக்கா.

கொஞ்ச நேரம் அழுதாள், நானும் அழுதேன். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு வாட்டி ஆடு" என்றாள். சின்னி கிளம்பும்போது, "பாத்துப் போ கண்ணு" என்றாள். அதற்கப்புறம் அவள் பஸ்ஸை நிறுத்துவது பற்றிப் பேசவில்லை.

லெவல் தங்கிவிட்டது. சொம்புக்கு மேலே ஓர் அம்புக்குறி போடலாமா என்று கம்பெனியில் கேட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் அம்மாவிடம் போய்க் கேட்கட்டும்.

இனி எவ்வளவு கோபம் வந்தாலும் அந்தச் சொல்லை அம்மாவிடம் சொல்ல மாட்டேன், இது சத்தியம். சாயங்காலம் சந்தைக்குப் போக வேண்டும். தண்ணீர் குடித்தாயிற்று. போய்ட்டு வர்றேன் அக்கா.

சொம்பைச் சொம்பாக வரையத் தெரியாத
உன் தங்கை