இடது காது

மார்ச் 4, செவ்வாய்

பட்டாளத்துக்கு லாயக்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஓட்டத்தில் தேறினேன், எழுத்துத் தேர்வில் தேறினேன், காதில் போய் மாட்டிக்கொண்டேன். இடது செவிப்பறையில் ஓட்டையாம். ஒருவர் விளக்கடித்துப் பார்த்தார். இன்னொருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தலையாட்டிக்கொண்டார்கள். விருப்பமிருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றார் எழுதிக்கொண்டிருந்தவர், நிமிராமலே.

என்னோடு ஓடிப் பழகிய நெட்டை தேறிவிட்டாள். பஸ்ஸில் அவள்தான் அழுதாள். எனக்கு வரவில்லை. ஜன்னல் கம்பியில் உரிந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே வந்தேன்.

மார்ச் 5, புதன்

வேலைக்குப் போனேன். பார்சல்கள் வந்தன. ஊர்வாரியாகப் பிரித்து அடுக்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பா தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். பஸ் டிப்போவில் ஒரு டிரைவர் பாக்கியில்லை. பொண்ணு பட்டாளத்துக்குப் போறா. இப்போது கேட்கிறவர்களுக்கு அம்மா பதில் சொல்கிறாள். யார் என்ன சொன்னாலும் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடு என்றாள் என்னிடம். சொன்ன பிறகு அவளுக்கே உறைத்து வாயைப் பொத்திக்கொண்டாள். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மேல்முறையீடு செய்தே தீர வேண்டும் என்கிறார் அப்பா. வெளி மருத்துவரின் சான்று வேண்டும், அதற்கு அவரே கூட வருகிறார். வயது வரம்பு எனக்கு இந்த ஆண்டோடு முடிகிறது. இதை விட்டால் இல்லை.

மார்ச் 17, திங்கள்

காது மருத்துவர் நிதானமானவர். வெகுநேரம் பார்த்தார். ஓட்டை பழசு என்றார். பிறகு கேட்டார்:

"சின்ன வயசுல யாராவது கன்னத்துல அறைஞ்சாங்களாம்மா?"

அப்பா பக்கத்து நாற்காலியில்.

"பந்து பட்டுச்சு டாக்டர்."

எப்படி அவ்வளவு சட்டென்று வந்தது? முன்பே யோசித்து வைத்திருந்தேனா? அப்பா சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் செய்து அடைக்கலாம், ஆனால் ஆறித் தேறுவதற்குள் வயது தாண்டிவிடும் என்றார் மருத்துவர். கேட்கும் திறன் கொஞ்சம்தான் குறைவு, அன்றாட வேலைக்குத் தடையில்லை என்று எழுதிக் கொடுத்தார்.



மார்ச் 18, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் இருந்தேன். பள்ளி விட்டு வீட்டுக்கு வராமல் மைதானத்தில் பையன்களோடு ஓடினேன். எல்லாரையும் முந்தினேன். தேடிக்கொண்டு வந்த அப்பா அங்கேயே, அவர்கள் முன்னால் ஓர் அறை. காதுக்குள் விசில் ஊதியதுபோல் இருந்தது. நாலைந்து நாள் ஊதிக்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றுவிட்டது. நானும் மறந்துவிட்டேன் — மறந்தேனா?

இந்தத் தேர்வுக்காக அதே மைதானத்துக்கு விடியற்காலையில் என்னை வண்டியில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் விட்டு, ஓடி முடிக்கும்வரை காத்திருந்தவரும் அவர்தான்.

கோபம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். பல் பிடுங்கிய பிறகு மரத்துப்போன ஈறை நாக்கு தொடுமே, அப்படித்தான். தொடுகிறேன். ஒன்றும் தெரியவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நெட்டை பயிற்சிக்குக் கிளம்பினாள். முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தாள். பக்கத்துக் கட்டிலை எனக்குப் பிடித்து வைப்பதாகச் சொன்னாள். ரயில் போன பிறகும் என் கை தூக்கியபடியே இருந்ததை ஒரு போர்ட்டர் பார்த்தார். இறக்கிக்கொண்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மேல்முறையீட்டுக் குழு.

முதலில் கண்ணாடி அறை, காதில் ஹெட்போன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். வலது காது முடிந்தது. இடது காதில் ஒன்றுமே வரவில்லை. சும்மா இருந்தால் ஆபத்து என்று குத்துமதிப்பாக அழுத்தினேன். "நான் இன்னும் சத்தமே வைக்கலியேம்மா" என்றார் கருவியை இயக்கியவர். திட்டியிருக்கலாம். பாவம் பார்த்தார்.

பிறகு குழுவின் முன் நின்றேன். மூன்று பேர், நடுவில் பெண் அதிகாரி. என் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. வாசலில் இருந்த காவலர் தடுக்கத் தடுக்க அப்பா உள்ளே வந்துவிட்டார். டிரைவர் சீருடையில், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.

"ஐயா, அம்மா, இது பிறவிக் குறை இல்லீங்க. நான்தான் அடிச்சேன். பச்சப் பிள்ளையா இருந்தப்ப. அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க."

அந்த அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படி வந்துதுன்னு நாங்க பாக்கறதில்லீங்க. இப்ப எப்படி இருக்குன்னுதான் பாக்கறோம்."

உட்காரச் சொன்னார்கள். அப்பா உட்காரவில்லை. இதைச் சொன்னால் தராசு என் பக்கம் சாய்ந்துவிடும் என்று நம்பி வந்திருக்கிறார். எத்தனை நாள் மனசுக்குள் ஒத்திகை பார்த்தாரோ. அதை எழுதிக்கொள்ள அவர்களிடம் ஒரு கட்டம்கூட இல்லை.

சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டார்கள். தகுதியில்லை. இதற்கு மேல் முறையீடு கிடையாது.

வெளியே வந்து நின்றோம். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் நான். "டீ குடிக்கலாமாப்பா?" என்று கேட்டேன். குடித்தோம்.

ஏப்ரல் 25, வெள்ளி

பார்சல்கள்.

மே 6, செவ்வாய்

அப்பா வீட்டில் குரலை உயர்த்துவதே இல்லை. டிவியைக்கூடக் குறைத்து வைக்கிறார். எனக்குத்தான் கேட்கவில்லை. எப்படிச் சொல்வது?

ஜூன் 1, ஞாயிறு

நெட்டையிடமிருந்து போன் வந்தது. காலெல்லாம் கொப்புளம், தூக்கம் இல்லை, சந்தோஷமாக இருக்கிறாள். நீ ஓடறதை விட்டுட்டியா என்று கேட்டாள். இல்லை என்றேன். போன வாரம்தான் மறுபடி தொடங்கினேன். தனியாகப் போய்வருகிறேன்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் அப்பா என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். நாளைக்குக் காலையில் தானும் மைதானத்துக்கு வரலாமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, மேஜையைச் சுற்றி வந்து, என் வலப்பக்கம் உட்கார்ந்து, திரும்பவும் முதலிலிருந்து கேட்டார்.